நிழலைப் படித்து மீனைத் தேடுவது: ட்ரோலிங் மோட்டாரில் சைடு இமேஜிங் சோனார்

டாலஸ் நகரத்திலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் ஃபோர்க் வந்துவிடும். 1980இல் அணையை அடைத்து, பண்ணை நிலங்களின் மேல் நீரைத் தேக்கி உண்டாக்கிய ஏரி அது. பரப்பு சுமார் 27,000 ஏக்கர். மீன்கள் ஒதுங்க இடம் வேண்டும் என்று ஏராளமான மரங்களை வெட்டாமல் அப்படியே மூழ்க விட்டார்கள். பழைய பண்ணைக் குட்டைகளின் கரைகள், மண் சாலைகள், ஓடைப் பள்ளங்கள் எல்லாம் இன்னும் அடியில் இருக்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தின் சாதனை மீனான 18.18 பவுண்டு லார்ஜ்மௌத் பேஸ், 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் தூண்டிலில் சிக்கியது. படகில் நின்று பார்த்தால் இந்த அடியுலகம் எதுவும் தெரியாது.

முதல் இரண்டு வருடம், தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களைப் பார்த்துத்தான் நான் தூண்டில் வீசிக்கொண்டிருந்தேன். கண்ணுக்குத் தெரிகிற மரத்தில் எல்லோரும்தான் வீசுகிறார்கள். அங்கே இருக்கும் மீன் தினமும் பத்துத் தூண்டிலைப் பார்த்துப் பழகியது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும் மரத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் இந்த ஏரி எனக்குப் பிடிபட்டது. கற்றுக்கொடுத்தது, ஒலியை அனுப்பி ஏரியின் அடியைப் பக்கவாட்டில் படமாகக் காட்டும் சைடு இமேஜிங் சோனார். படகின் முனையில் இருக்கும் ட்ரோலிங் மோட்டார் என்ற மின் மோட்டாரில் அதைப் பொருத்தி மீன் தேடுவது எப்படி என்று, சோனார் திரையையே பார்த்திராதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

ஒலியால் நெய்த படம்

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டால் குரல் திரும்பி வரும். எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஊகிக்கலாம். சோனார் செய்வதும் இதுதான். தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகம். டிரான்ஸ்டியூசர் என்ற உறுப்பு, நம் காதுக்கு எட்டாத ஒலியைச் சிறு துடிப்புகளாகத் தண்ணீருக்குள் அனுப்புகிறது. எதிரொலியையும் அதுவே வாங்கிக்கொள்கிறது. போய்வர எடுத்த நேரம் தூரத்தைச் சொல்லும். திரும்பி வந்த ஒலியின் வலு, எதன்மேல் பட்டது என்பதைச் சொல்லும். பாறை, சரளை, மரக்கட்டை ஆகியவை பலமாகத் திருப்பி அனுப்பும். சேறு பெரும்பகுதியை விழுங்கிவிடும். மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை ஒலியை நன்றாக எதிரொலிக்கும். அதனால்தான் மீன் திரையில் பளிச்சென்ற புள்ளியாக விழுகிறது.

சாதாரண சோனார் இந்த ஒலியை நேர் கீழே ஒரு கூம்பாக இறக்கும். 20 டிகிரி கூம்பு என்று வைத்துக்கொண்டால், 20 அடி ஆழத்தில் அது தரையில் தொடுகிற வட்டத்தின் குறுக்களவு சுமார் 7 அடிதான். 27,000 ஏக்கர் ஏரியில் ஏழடி வட்டத்தை வைத்துக்கொண்டு மீன் தேடுவது, மைதானத்தில் தொலைந்த தோட்டைக் கைவிளக்கு வெளிச்சத்தில் தேடுவது போல. சைடு இமேஜிங்கில் ஒலி படகின் இரு பக்கமும் பக்கவாட்டில் போகிறது. பக்கத்துக்கு 80 அடி என்று வைத்தால் ஒரே ஓட்டத்தில் 160 அடி அகலம் பார்த்து முடித்துவிடலாம்.

அந்தக் கற்றையின் வடிவத்தை மனசில் வாங்கிக்கொள்வது முக்கியம். மேலிருந்து கீழாக அகலம். முன்பின்னாக மிக மெல்லியது, ஏறக்குறைய ஒரு டிகிரி. ரொட்டியை அறுக்கும் கத்தி மாதிரி, ஏரியின் அடியை ஒரு மெல்லிய துண்டாக வெட்டிப் பார்க்கிறது. ஒரு துடிப்புக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டு திரையின் மேல் ஓரத்தில் ஒரு கோடாக விழும். படகு கொஞ்சம் நகரும். அடுத்த துடிப்பு, அடுத்த கோடு. பழைய கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே போகும்.

தறியில் நெசவு பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். நாடா ஒருமுறை குறுக்கே ஓடினால் ஒரு இழை. துணி உருள உருள, இழை மேல் இழை சேர்ந்து கடைசியில் பூவும் மாங்காயும் தெரிகின்றன. சைடு இமேஜிங்கில் இழை போடுவது சோனார், துணியை நகர்த்துவது படகு. படகு நகராமல் நின்றால் ஒரே இழையைத் திரும்பத் திரும்பப் போட்டதுபோல் திரை முழுக்க நீள நீளமான கோடுகள்தான் வரும். படகு கோணலாகப் போனால் துணியும் கோணல். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரோலிங் மோட்டாரில் வருகிற பாதிச் சிக்கலுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. திரையில் நீங்கள் பார்ப்பது நேரலை இல்லை. மேல் ஓரத்துக் கோடு மட்டும்தான் இந்த நொடி. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் நீங்கள் கடந்து வந்த இடம். 2018இல் வந்த கார்மின் லைவ்ஸ்கோப் போன்ற நேரலைச் சோனார்கள் மீன் நீந்துவதையே காட்டும். சைடு இமேஜிங் அப்படிக் காட்டாது. ஆனால் ஏரிக்குள் நீளும் ஒரு நிலமுனை முழுவதையும் பத்து நிமிடத்தில் அலசி, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

சாயங்கால வெயில்

திரையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும். அது படகு வந்த தடம். அதன் இரு பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் பலரும் அதைப் படகுக்கு அடியில் இருக்கும் வெற்றுத் தரை என்று நினைக்கிறார்கள். அது தரை இல்லை, தண்ணீர். ஒலி கிளம்பித் தரையைத் தொடும்வரை திருப்பி அனுப்ப எதுவும் இல்லாததால் அந்த இடம் கறுப்பாக இருக்கிறது. கறுப்புப் பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு ஆழம். பட்டை முடிந்து வெளிச்சமான நிறம் தொடங்கும் விளிம்புதான் தரை. அந்த விளிம்பு நடுக்கோட்டை நெருங்கி வந்தால் தரை மேடாகிறது, விலகிப் போனால் பள்ளமாகிறது. கறுப்புக்குள்ளேயே ஒரு வெள்ளைப் புள்ளி மிதந்தால், படகுக்குப் பக்கத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் மீனாக அது இருக்க வாய்ப்பு அதிகம்.

வெளிச்சமான பகுதியில் கெட்டித் தரை பளிச்சென்றும் சேறு மங்கலாகவும் தெரியும். ஆனால் படிக்கக் கற்க வேண்டியது வெளிச்சத்தை இல்லை, நிழலை.

உச்சி வெயிலில் நின்றால் நம் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். சாயங்கால வெயிலில் அதே நிழல் தெருவின் அந்தப் பக்கம்வரை நீளும். சாதாரண சோனார் உச்சி வெயில் மாதிரி. சைடு இமேஜிங் சாயங்கால வெயில். ஒலி சாய்வாகப் போகிறது. வழியில் ஒரு கட்டையோ மீனோ இருந்தால் அதன் பின்னால் தரையில் ஒலி படாத இடம் ஒன்று உண்டாகும். திரையில் அது கறுப்பாக விழும். மூழ்கிக் கிடக்கும் மரத்தின் எதிரொலி பல சமயம் வெறும் வெள்ளைக் கிறுக்கலாகத்தான் இருக்கும். அதன் நிழலில்தான் கிளை கிளையாக மரத்தின் உருவம் தெளிவாகத் தெரியும்.

இப்போது மீனுக்கு வருவோம். ஏரியடியில் ஒரு சிறிய வெட்டுக்கட்டையும் ஒரு பேஸ் மீனும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். எதை வைத்துப் பிரிப்பது? கட்டை தரையில் ஊன்றி நிற்கிறது, அதனால் அதன் நிழல் புள்ளியோடு ஒட்டியே தொடங்கும். மீன் தரைக்கு மேலே நிற்கிறது, அதனால் புள்ளி ஓரிடத்திலும் நிழல் கொஞ்சம் தள்ளியும் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. பறவை வானத்தில் போகும்போது அதன் நிழல் தரையில் தனியாக ஓடுமே, அதே கதைதான். இடைவெளி பெரிதாக இருந்தால் மீன் உயரத்தில் நிற்கிறது. சின்னதாக இருந்தால் தரையை ஒட்டி நிற்கிறது. எத்தனை அடி ஆழத்தில் இரையை இறக்குவது என்ற கேள்விக்கு இந்த இடைவெளியே பாதி விடை.

தரையில் நிற்கும் பொருளின் உயரத்தைக் கணக்குப் போட்டே சொல்லலாம். நிழலின் நீளத்தை டிரான்ஸ்டியூசருக்குக் கீழே இருக்கும் ஆழத்தால் பெருக்கி, நிழல் முடியும் இடம்வரை உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். ஆழம் 16 அடி, நிழல் 12 அடி நீளம், அது முடியும் இடம் 64 அடியில் என்றால், 12 பெருக்கல் 16 வகுத்தல் 64, ஆக 3 அடி. மூன்றடி உயரக் கட்டை. தினமும் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நாலைந்து தடவை போட்டுப் பார்த்தால் போதும், கண்ணுக்கே அளவு பிடிபட்டுவிடும்.

திரை காட்டும் தூரம் சாய்வுத் தூரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவரில் சாய்த்த ஏணியின் நீளம் வேறு, ஏணியின் அடியிலிருந்து சுவருக்கு உள்ள தூரம் வேறு. 16 அடி ஆழத்தில் தரையில் இருக்கும் ஒரு பொருள் 40 அடி என்று காட்டினால், படகிலிருந்து அது சுமார் 37 அடியில் இருக்கிறது. எட்டத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. படகுக்குப் பக்கத்தில்தான் ஏமாற்றும்.

இது என்ன மீன் என்று சைடு இமேஜிங் சொல்லாது. அளவு, கூட்டம், இடம் ஆகிய மூன்றைத்தான் சொல்லும். மீதியை ஏரியைத் தெரிந்துகொண்டுதான் ஊகிக்க வேண்டும். மூழ்கிய புதருக்குள்ளும் அதைச் சுற்றியும் அரிசி சிந்தியது போல நெருக்கமாகப் புள்ளிகள் இருந்தால், லேக் ஃபோர்க்கில் நான் அதைக் கிராப்பி மீன் கூட்டம் என்றுதான் நினைப்பேன். மேகம் போலக் கலங்கலான வெள்ளைத் திட்டு, ஷாட் என்ற சிறு இரைமீன் கூட்டம். அந்த மேகத்தின் ஓரத்தில் தனித்தனி நிழலோடு ஐந்தாறு பெரிய புள்ளிகள் நின்றால் என் கை தானாகத் தூண்டிலுக்குப் போகும்.

மோட்டார் திரும்பினால் படமும் திரும்பும்

பக்கவாட்டுச் சோனார் முதலில் மீனுக்காக வந்ததில்லை. அமெரிக்கக் கடற்படை கடலடியில் கண்ணிவெடி தேடுவதற்காக வளர்த்த நுட்பம் அது. 1960களில் மார்ட்டின் க்ளைன் போன்ற பொறியாளர்கள் அதைக் கப்பலின் பின்னால் கட்டி இழுக்கும் வணிகக் கருவியாக ஆக்கினார்கள். மூழ்கிய கப்பல்களைத் தேட அது பெரிதும் உதவியது. கம்பியில் கட்டி இழுபடும் அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் ‘மீன்’ என்றே பெயர். எதற்காகத் தள்ளிக் கட்டி இழுத்தார்கள்? கப்பலின் ஆட்டம் அதைத் தொடாமல், அது நேராகவும் சீராகவும் போவதற்கு. 2005இல் அலபாமாவின் யூஃபாலா ஊரைச் சேர்ந்த ஹம்மின்பேர்டு நிறுவனம் சாதாரணத் தூண்டில்காரர் வாங்கும் கருவியில் சைடு இமேஜிங்கைக் கொண்டுவந்தது. டிரான்ஸ்டியூசரைப் படகின் பின்பலகையில் மாட்டுவதுதான் வழக்கம். பின்பலகை அசையாது, படகு போகும் திசையிலேயே அதுவும் போகும்.

ட்ரோலிங் மோட்டார் அப்படியில்லை. ட்ரோலிங் என்றால் ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போவது. இன்றைக்கு பேஸ் படகுகளில் முனையில் இருக்கும் இந்த மின் மோட்டாரை அதற்குப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 12, 24 அல்லது 36 வோல்ட் பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடி, படகை மெதுவாக நகர்த்தவும் ஓரிடத்தில் நிறுத்தவும் உதவும். முனையில் நின்று காலால் மிதித்துத் திருப்பிக்கொண்டே கையால் தூண்டில் வீசலாம். திருப்பும்போது தண்ணீருக்குள் இருக்கும் அதன் தலை முழுசாகச் சுழலும். அதில் மாட்டிய டிரான்ஸ்டியூசரும் சேர்ந்து சுழலும்.

என் முதல் நாள் அனுபவம் இதுதான். ஏரியைக் கடக்கும் ஒரு சாலைப் பாலத்தின் தூண்களை ஒட்டிப் படகை விட்டேன். காற்று வலமிருந்து அடித்தது. படகை நேராக வைக்க நொடிக்கொரு தரம் மிதியை இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டிருந்தேன். திரையில் நேர்வரிசைத் தூண்கள் பாம்பு ஊர்வது போல நெளிந்து வந்தன. ஒரு தூண் இரண்டாகத் தெரிந்தது, அடுத்தது காணாமலே போனது. கருவி கெட்டுவிட்டது என்று வீட்டுக்கு வந்து எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டினேன். கெட்டது எதுவும் இல்லை. என் கால்தான் படத்தைக் கலைத்திருந்தது.

காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். தலை ஐந்து டிகிரி வலப்பக்கம் திரும்பினால் அந்த மெல்லிய கற்றையும் ஐந்து டிகிரி திரும்பும். 80 அடி தள்ளி அது சுமார் 7 அடி நகர்ந்துவிடும். ஒரு பக்கம் பார்த்த இடத்தையே மறுபடியும் பார்க்கும், மறுபக்கம் சில அடிகளைப் பார்க்காமலே தாண்டிவிடும். ஜி.பி.எஸ். நங்கூரம் போட்டு நிற்கும்போது இன்னும் மோசம். படகை ஓரிடத்தில் பிடித்து வைக்க மோட்டார் தன் தலையைத் தானே திருப்பிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் சைடு இமேஜிங் திரையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் படிக்க எதுவும் இல்லை.

அப்படியானால் எதற்காக அதை முனையில் மாட்ட வேண்டும்? மீன் பிடிப்பவர் நிற்கும் இடம் அதுதான். பெரிய எஞ்சினை ஓட்டிப் போக முடியாத ஆழமற்ற, மரம் அடர்ந்த மூலைகளுக்கு மின் மோட்டார் போகும். மீனை அதிகம் வெருட்டாது. முன்னால் கலங்காத தண்ணீர் கிடைக்கும். சிறிய படகு, கயாக் வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியும் குறைவு. இப்போது சில மோட்டார்களில் சைடு இமேஜிங் டிரான்ஸ்டியூசரைத் தலைக்குள்ளேயே வைத்துத் தருகிறார்கள். கட்டையில் இடித்தாலும் அடி நேராக அதன்மேல் விழாது, வயரும் தண்டுக்குள்ளேயே போய்விடும்.

தீர்வு, காலுக்கு ஓய்வு கொடுப்பதுதான். மோட்டாரில் திசை பிடித்துத் தானே ஓடும் வசதி இருந்தால் தேடும்போது அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் காற்றுக்கு எதிர்முகமாக ஓட்டுங்கள். பக்கக் காற்றில் படகு ஒரு திசையும் மோட்டார் ஒரு திசையும் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்க்காற்றில் இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும். வேகத்தை மணிக்கு இரண்டு முதல் மூன்று மைலில் வைத்து, அதை மாற்றாமல் போங்கள். திருப்ப வேண்டுமென்றால் ஒரேயடியாகத் திருப்பி முடித்துவிட்டு மறுபடி நேராக ஓட்டுங்கள். திரும்பிய நேரத்துப் படத்தை நம்ப வேண்டாம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. வெளியே மாட்டும் டிரான்ஸ்டியூசரின் இரு பக்கப் பார்வையையும் மோட்டாரின் உடல் மறைக்கக் கூடாது. தண்டு சுழலும் இடத்தில் வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இறுக்கிக் கட்டினால் மோட்டாரை மடக்கித் தூக்கும் நாளில் வயர் இழுபட்டு அறுந்துவிடும். சோனாருக்கு மோட்டார் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்காமல் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வையுங்கள். மோட்டாரின் வேகக்கட்டுப்பாட்டுச் சுற்று உண்டாக்கும் மின் இரைச்சல் திரையில் பொடிப்பொடியாகவோ குறுக்குக் கோடுகளாகவோ விழும். மோட்டாரை நிறுத்தியதும் அது மறைந்தால் காரணம் அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று இருண்டு போனால் மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஹைட்ரில்லா பாசி டிரான்ஸ்டியூசரைச் சுற்றியிருக்கும்.

இடம் வலம் மாறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். படகுத்துறை இடப்பக்கம் இருக்கும்படி ஓட்டினால் திரையிலும் அதன் தூண்கள் இடப்பக்கம்தான் வர வேண்டும். பின்னால் போவதற்காக மோட்டார் தலையை முழுசாகத் திருப்பினால் இடமும் வலமும் மாறிவிடும். சரியாக மாட்டிய கருவியிலும் இது நடக்கும், மறந்துவிடாதீர்கள்.

முதல் தேடல்

அலைவரிசையில் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ், 800 கிலோஹெர்ட்ஸ், 1.2 மெகாஹெர்ட்ஸ் என்ற அளவுகளைச் சந்திப்பீர்கள். அதிகமாக அதிகமாகப் படம் துல்லியமாகும், எட்டும் தூரம் குறையும். லேக் ஃபோர்க் மாதிரி 10, 20 அடி ஆழத்தில் தேடும்போது 1.2 மெகாஹெர்ட்ஸில் பக்கத்துக்கு 60 முதல் 80 அடி வைத்துத் தொடங்குங்கள். 150 அடி வைத்தால் அதிக இடம் தெரியும்தான், ஆனால் மீன் புள்ளி குண்டூசி முனையாகிவிடும். தவிர, ஒரு டிகிரிக் கற்றை 80 அடி தள்ளியே ஒன்றரை அடி அகலமாகிவிடுகிறது. அதற்கும் அப்பால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மீன்கள் ஒன்றாகக் குழம்பிவிடும். உணர்திறனைத் திரையில் பொடி விழும்வரை கூட்டி, பிறகு கொஞ்சம் குறையுங்கள். படம் நகரும் வேகத்தைப் படகின் வேகத்தோடு ஒத்துப்போக வையுங்கள். உருண்டையான தூண் திரையில் நீளமாக இழுபட்டால் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

முதல் நாள் தூண்டிலைக் கையிலேயே எடுக்காதீர்கள். நிழல் எப்படி விழும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: பாலத்தூண், படகுத்துறை, தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் மரம். அதன் பக்கத்தில் 30 அடி தள்ளி ஒருமுறை, 60 அடி தள்ளி ஒருமுறை, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே மரம் மூன்று படமாக வரும். நிழல் எப்போதும் படகுக்கு அப்பால்தான் விழும் என்பது அந்த ஒரு மணி நேரத்தில் மனசில் பதிந்துவிடும்.

போன நவம்பரில் ஒரு காலை, மூழ்கிய பண்ணைக்குட்டைக் கரை ஒன்றின் ஓரமாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆழம் 14 அடி. வலப்பக்கம் 45 அடியில் ஒரு வெள்ளைக் கிறுக்கல். அதற்கு அப்பால் நீண்ட கறுப்பு நிழலில் நான்கு கிளைகள். கரை உடைந்த இடத்தில் யாரோ என்றோ இறக்கிவிட்ட புதர். அதன் இடது ஓரத்தில் ஆறு புள்ளிகள். ஒன்றின் நிழல் ஒட்டியிருந்தது, அதை விட்டுவிட்டேன். மற்ற ஐந்தின் நிழலும் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன. திரையில் புதரின்மேல் விரலை வைத்துக் குறியிட்டேன். படகை நிறுத்தாமல் நேராகவே இன்னும் கொஞ்சம் போய், சுற்றி வந்து, மறுபக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்தேன். ஐந்து இப்போது நான்காகத் தெரிந்தது, ஆனால் இடம் அதே இடம்தான். இரண்டு குறிகளுக்கும் நடுவே ஏழெட்டு அடி வித்தியாசம் இருந்தது. முனையில் இருக்கும் கருவிக்கு ஜி.பி.எஸ். ஆன்டெனாவும் முனையிலேயே இருந்தால் இந்த வித்தியாசம் குறையும், என்னுடையது அப்போது பின்னால் இருந்தது. இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியை எடுத்துக்கொண்டேன்.

காற்றுக்கு எதிராகப் படகைத் திருப்பி, புதரிலிருந்து 50 அடியில் ஜி.பி.எஸ். நங்கூரத்தைப் போட்டேன். திரை உடனே கோடு கோடாகக் கலைந்தது. அதைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஈயக்குண்டு கட்டிய ரப்பர் புழுவைப் புதருக்கு ஐந்தடி அப்பால் எறிந்தேன். அது தரையைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. மெதுவாக இழுத்தேன், கிளை தட்டுப்பட்டது. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். கயிறு பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது.